பீர் ஆலையில் ஐந்தாம் வகுப்பு

ஓஃபிர் பியம்பா எங்கள் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் பதின்மூன்று வருடமாகத் தரை துடைக்கிறாள். மூன்று மாத ஒப்பந்தம், முடிந்தால் இன்னொரு மூன்று மாதம். டிசம்பரில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஜனவரி கடைசியில் திரும்பக் கூப்பிடுவார்கள். போன வருடம் மார்ச் மாதம் அந்த ஆஸ்பத்திரி முதல் தடவையாக நாற்பது துப்புரவு வேலைகளை நிரந்தரமாக்கப் போவதாக அறிவித்தது. கேட்டது மூன்றே தாள்: அடையாள அட்டை, வேலை பார்த்ததற்கான கடிதம், ஐந்தாம் வகுப்பு முடித்த சான்றிதழ்.

அன்று சாயங்காலமே எனக்குப் போன் செய்தாள்.

"அர்லே, நாளைக்குக் காலைல உன் வண்டி சும்மா இருக்குமா? கல்வி ஆபீசுக்குப் போகணும். அரை மணி நேர வேலைதான்."

நான் டாக்ஸி ஓட்டுகிறேன். ஓஃபிரும் நானும் ஒரே பள்ளியில் படித்தோம். மூன்றாம் வகுப்போடு என் அப்பா என்னைக் காப்பி பறிக்கக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அவள் ஐந்து வரை முடித்தாள். அவளுக்குக் கொடுத்த சான்றிதழ் ஒரு மழைக்காலத்தில் கூரை ஒழுகி நைந்துபோயிற்று. நகல் வாங்கினால் போதும் என்றுதான் நினைத்தோம்.

கவுண்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்தாள், ஓஃபிரைப் பார்த்தாள், மறுபடி கணினியைப் பார்த்தாள்.

"சாந்தா ரோசா பள்ளியாம்மா? அது எண்பத்தொண்ணுல நிலநடுக்கத்துல இடிஞ்சு விழுந்துடுச்சு. அதோட மூடியாச்சு. நீங்க எண்பத்தாறுல முடிச்சதா எழுதியிருக்கீங்க. இடிஞ்ச பள்ளிக்கூடத்துல எப்படிம்மா படிச்சீங்க?"

"இடிஞ்சதுல படிக்கல. பீர் ஆலைல படிச்சோம்."

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கெட்ட சிரிப்பு இல்லை, வந்துவிட்டது, அவ்வளவுதான். உள்ளே போய் மேலதிகாரியை அழைத்து வந்தாள். வில்மார் கார்செஸ் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது. எங்கள் ஊரில் சட்டையைத் தேய்த்துப் போட்டவனையெல்லாம் டாக்டர் என்றுதான் கூப்பிட வேண்டும். டாக்டர் வில்மார் கையில் ஒரு தாள் வைத்திருந்தார்.

"இது அந்தக் கட்டடத்தைப் பாரம்பரியச் சின்னமா அறிவிச்சப்போ தயாரிச்ச கோப்பு. படிக்கிறேன், கேளுங்க. 'ஒலோசகா பீர் ஆலை 1974 முதல் 2017 வரை கைவிடப்பட்டு, மனித நடமாட்டமின்றிக் கிடந்தது.' முத்திரை இருக்கு, கையெழுத்து இருக்கு. ஆளே இல்லாத கட்டடத்துல பள்ளிக்கூடம் எப்படி நடந்திருக்கும்?"

"நடந்துச்சு டாக்டர். அஞ்சு வருஷம் நான் உக்காந்திருந்தேன்."

"நீங்க உக்காந்தது எனக்குப் பிரச்சினை இல்லம்மா. தாள்தான் பிரச்சினை."

ஓஃபிர் வண்டிக்குள் வந்து உட்கார்ந்தாள். நான் சாவியைத் திருப்பப் போனேன். கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"மனித நடமாட்டமின்றின்னு படிச்சான், கேட்டியா? அப்ப நாமெல்லாம் யாருடா? எலியா?"

அந்தக் கட்டடத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதைச் சொன்னவர்கள் எல்லாரும் பாதியை விழுங்கிவிட்டுச் சொன்னார்கள்.

சான் லாசரோ நகரத்தில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிறது அது. செங்கல் சுவர், நான்கு மாடி, ஊரில் எங்கே நின்றாலும் தெரிகிற புகைபோக்கி. 1908-ல் ஒலோசகா குடும்பம் கட்டியது. பார்லியை நனைத்துக் காயப்போடும் மேல்மாடி, காய்ச்சும் கூடம், புளிக்க வைக்கும் குளிர்ந்த கூடம், பாட்டில் கழுவும் முற்றம். இருநூறு பேர் வேலை பார்த்தார்கள். ஓஃபிரின் அப்பா இஸ்மாயேல் பியம்பா அங்கே கொதிகலனுக்கு நெருப்புப் போட்டவர். 1974-ல் தலைநகரத்துக் கம்பெனி ஒன்று ஆலையை வாங்கியது, பீர் காய்ச்சுவதற்காக அல்ல, இங்கே யாரும் காய்ச்சக் கூடாது என்பதற்காக. செப்புக் கொப்பரைகளை அறுத்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கட்டடத்தை ஒலோசகா குடும்பத்திடமே திருப்பிக் கொடுத்தார்கள். அவர்கள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. இஸ்மாயேலைக் காவலுக்கு வைத்தார்கள். பிறகு அவரை வைத்திருக்கிறோம் என்பதையே மறந்துபோனார்கள். சாவி மட்டும் அவரிடம் இருந்தது.

1981-ல் பூமி ஆடியது. பதினெட்டு விநாடி. மண் சுவர் வீடுகள் உட்கார்ந்துவிட்டன, சாந்தா ரோசா பள்ளியும் உட்கார்ந்துவிட்டது. நல்லவேளை, அன்று ஞாயிற்றுக்கிழமை. பீர் ஆலையில் ஒரு செங்கல் கூட உதிரவில்லை. இஸ்மாயேல் யாரையும் கேட்கவில்லை. கேட்டைத் திறந்துவிட்டார். முதல் மாதம் எங்கள் தெரு முழுக்க அதற்குள்தான் தூங்கியது. இரண்டாவது மாதம் லியோனிலா டீச்சர் ஒரு மூட்டை சுண்ணக்கட்டியோடு வந்து, "பிள்ளைங்க சும்மா திரியுதுங்க" என்றார். நகராட்சி அதற்குத் 'தற்காலிக இணைப்புப் பள்ளி' என்று பெயர் வைத்து இரண்டு ஆசிரியர்களை அனுப்பியது. அந்தத் தற்காலிகம் இருபத்து மூன்று வருடம் நீடித்தது.

பார்லி காயப்போட்ட மேல்மாடியில் ஒன்று முதல் மூன்று வரை வகுப்புகள். புளிக்க வைத்த கூடத்தில் நான்கும் ஐந்தும். உட்கார பீர் பெட்டிகள். தண்ணீர் ஓடுவதற்காகத் தரையை வடிகால் பக்கமாகச் சரித்துக் கட்டியிருந்தார்கள். பென்சில் கீழே விழுந்தால் உருண்டு வடிகாலுக்குள் போய்விடும், அதனால் எல்லாரும் பென்சிலை நூலில் கட்டிக் கழுத்தில் போட்டிருப்போம். மத்தியானம் பாட்டில் முற்றத்தில் அம்மாக்கள் வெல்லத் தண்ணீர் காய்ச்சுவார்கள். புளித்த மாவின் வாசனை சுவரிலிருந்து போகவே இல்லை. சட்டையோடு வீட்டுக்கு வந்து, "குடிச்சுட்டு வர்ற உங்கப்பன மாதிரியே நாறுற" என்று என் அம்மாவிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்.

2004 டிசம்பரில் ஒலோசகா வாரிசுகள் கட்டடம் இடியப் போகிறது என்று ஒரு தாள் வாங்கி வந்தார்கள். போலீஸ் வந்து பெட்டிகளை வெளியே போட்டது. பிள்ளைகளை மூன்று பள்ளிகளுக்குப் பிரித்து அனுப்பினார்கள். இடியப் போகிற கட்டடம் அப்புறம் பதின்மூன்று வருடம் இடியாமல் நின்றது. அந்தப் பதின்மூன்று வருடம்தான் உண்மையில் ஆள் இல்லாத காலம். பிறகு பாரம்பரியச் சின்னம் என்றார்கள், வரிச் சலுகை என்றார்கள், சாரம் கட்டினார்கள். 2019-ல் அதற்குள் பீர் கூடம், ஓவியக் காட்சி அறை, மேலே வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் அறைகள் எல்லாம் வந்தன. வாசலில் பித்தளைத் தகடு. 1908 பிறப்பு, 1974 மூடல், 1974 முதல் 2017 வரை கைவிடப்பட்ட காலம், 2019 மறுபிறப்பு. அதற்கு ஒரு பரிசும் கிடைத்தது. என் வண்டியில் ஏறும் சுற்றுலாக்காரர்கள் எனக்கே அந்தக் கதையைச் சொல்வார்கள். நான் ஆமாம் ஆமாம் என்று வண்டியை ஓட்டியிருக்கிறேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மீதே கோபம் வருகிறது. தினம் நான்கு முறை அந்தத் தகட்டைக் கடந்து போனவன் நான். ஒரு சான்றிதழுக்காக ஓஃபிர் அலைய வேண்டி வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

கல்வி அலுவலகத்திலிருந்து நேரே அங்கேதான் போகச் சொன்னாள். பீர் கூடத்து மேலாளர் ஃபெலிப்பே ஒலோசகா, பழைய குடும்பத்தின் பேரன், முப்பத்தைந்து வயது இருக்கும். மரியாதையான பையன். நாற்காலி இழுத்துப் போட்டார்.

"சொல்லுங்கம்மா."

"வாசல்ல இருக்கிற தகடு பொய் சொல்லுது. அத மாத்தணும்."

"எந்த வரி?"

"கைவிடப்பட்ட காலம்ங்கிற வரி. இந்த ரூம்லதான் நான் அஞ்சாவது படிச்சேன். நீங்க இப்ப கை வெச்சிருக்கிற தூணுக்குப் பக்கத்துல."

அவர் தூணைப் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டார்.

"அப்படியா? எனக்குத் தெரியாது. யாரோ அக்கம்பக்கத்துக்காரங்க உள்ள நுழைஞ்சு இருந்தாங்கன்னு எங்க மாமா சொல்வாரு..."

"நுழையல. எங்கப்பா கேட்டைத் திறந்தாரு. உங்க வீட்டுக்காரங்க குடுத்த சாவி."

"நான் உங்கள நம்புறேன்மா. ஆனா அந்தத் தகட்டுல இருக்கிறது கோப்புல இருக்கிறது. கோப்ப நான் எழுதல."

கோப்பை யார் எழுதியது என்று கேட்க, எங்கள் நாட்டில் ஒரு வழி இருக்கிறது. எந்த அலுவலகத்துக்கும் ஒரு தாளில் கேள்வி எழுதிக் கொடுக்கலாம், பதினைந்து நாளில் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். ஓஃபிர் ஆஸ்பத்திரியில் மத்தியான உணவு நேரத்தில் நோட்டுத் தாளில் எழுதினாள். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று என்னிடம் காட்டினாள். மூன்றாம் வகுப்போடு நின்றவனிடம்.

பதினான்காம் நாள் முழுக் கோப்பும் வந்தது. இருநூற்றுப் பதினோரு பக்கம். என் வண்டியின் முன் சீட்டில் வைத்து இருவரும் புரட்டினோம். செங்கல் அளவு, உத்தரத்தின் மர வகை, ஒலோசகா தாத்தா தொப்பியோடு நிற்கும் படம். நூற்று அறுபத்து நான்காவது பக்கத்தில் ஓஃபிரின் விரல் நின்றது.

வேலை ஆரம்பிப்பதற்கு முன் எடுத்த படம். புளிக்க வைத்த கூடத்தின் மேற்குச் சுவர். சுவரில் நீளமாக ஒரு கரும்பலகை, மரத்தில் செய்தது அல்ல, சுவரிலேயே பூசியது. இஸ்மாயேல் கொதிகலன் கரியைப் பசையோடு கலந்து பூசியது அது. எண்ணெய் வண்ணத்தில் மேல் ஓரத்தில் 'சாந்தா ரோசா இணைப்புப் பள்ளி, ஐந்தாம் வகுப்பு' என்று எழுதியிருந்தது தெளிவாகப் படிக்க முடிந்தது. பக்கத்தில் ஆணியில் தொங்கிய பெரிய மரக் கோணமானி கூட இருந்தது. படத்துக்குக் கீழே இரண்டு வரி:

'பிற்காலக் கறுப்புப் பூச்சு, 14 சதுர மீட்டர். மதிப்பற்றது. சுரண்டி அகற்றப்பட வேண்டும்.'

ஓஃபிர் அந்த வரியை இரண்டு முறை படித்தாள். அவள் முகம் சிவந்ததை அதுவரை நான் பார்த்ததில்லை.

"தெரியாம எழுதியிருந்தா மன்னிச்சிருப்பேன் அர்லே. இவங்க பாத்திருக்காங்க. அளந்திருக்காங்க. எத்தனை சதுர மீட்டர்னு கணக்குப் போட்டுருக்காங்க. அதுக்கப்புறம் யாரும் இல்லன்னு எழுதியிருக்காங்க."

கோப்பின் கடைசிப் பக்கத்தில் கட்டடக் கலைஞரின் பெயர் இருந்தது. ஹிமேனா ரெங்கிஃபோ. நகரத்தின் வடக்கே அலுவலகம். ஓஃபிர் சனிக்கிழமை அங்கே போனாள், என்னையும் உள்ளே வரச் சொன்னாள். அந்த அம்மா படத்தைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஞாபகம் இருக்கு" என்றார்.

"பள்ளிக்கூடம்னு எழுதியிருக்கிறது கண்ணுல படலையா டாக்டர்?"

"பட்டுச்சு."

"அப்புறம்?"

"கட்டடத்தோட முதல் வடிவத்துக்குக் கொண்டு போகணும்னு எங்களுக்குச் சொன்னாங்க. 1908. அதுக்கப்புறம் வந்ததெல்லாம்... நாங்க அத ஒட்டுப்பூச்சுன்னு சொல்லுவோம்."

"நான் ஒட்டுப்பூச்சு."

"நான் அப்படிச் சொல்லலம்மா."

"கைவிடப்பட்டதுன்னு யார் எழுதச் சொன்னது?"

அவர் படத்தை எங்கள் பக்கம் நகர்த்தினார். பிறகு, சொந்தக்காரர்களின் வக்கீல்தான் அந்த வார்த்தையைக் கேட்டார் என்றார். யாராவது இத்தனை வருடம் அந்த இடத்தைப் பயன்படுத்தினார்கள் என்று அரசாங்கத் தாளில் ஏறிவிட்டால், நாளைக்கு அவர்கள் உரிமை கேட்டு வரலாம் என்று பயந்தார்களாம். ஆளில்லை என்று எழுதிவிட்டால் தொல்லை இல்லை.

"இத எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றீங்களா?" என்று கேட்டாள் ஓஃபிர்.

அந்த அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வக்கீல் சொன்னதைத் தன்னால் எழுத முடியாது என்றார். ஆனால் படம் எடுத்த தேதியையும், சுவரில் பள்ளிக்கூடத்தின் பெயர் இருந்தது என்பதையும் எழுதித் தந்தார். முழு நேர்மை இல்லை. பாதி. அந்தப் பாதியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்தோம்.

கல்வி அலுவலகத்துக்கு மறுபடி போனோம். டாக்டர் வில்மார் படத்தைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார்.

"இது ஒரு சுவர்தாம்மா. சுவர் சான்றிதழ் குடுக்காது."

"முதல்ல தாள்தான் பிரச்சினைன்னீங்க. தாள் கொண்டுவந்தேன்."

"இது எங்க தாள் இல்லையே. சான்றிதழ் இல்லாதவங்களுக்குச் சமநிலைத் தேர்வுன்னு ஒண்ணு இருக்கு, அத எழுதுங்க. ஆறு மாசத்துல முடிஞ்சுடும். நீங்க ஈசியா பாஸ் பண்ணிடுவீங்க."

"நான் ஏற்கெனவே பாஸ் பண்ணிட்டேன் டாக்டர். எண்பத்தாறுல."

பின்னால் வரிசையில் நின்ற ஒரு ஆள், "அந்தம்மா சொல்றது சரிதானே" என்றார். டாக்டர் வில்மார் அடுத்த நம்பரைக் கூப்பிட்டார்.

அதற்கு மேல் போக ஒரே இடம்தான் இருந்தது. என் உரிமையைக் காப்பாற்று என்று நீதிபதியிடம் நேரே எழுதிக் கொடுப்பது. நாங்கள் அதைத் துத்தேலா என்போம். வக்கீல் வேண்டாம், பத்து நாளில் தீர்ப்பு. அதற்குச் சாட்சி வேண்டும் என்று ஓஃபிர் தன்னோடு படித்தவர்களைத் தேட ஆரம்பித்தாள். நான் என் வண்டியில் ஏறியவர்களிடமெல்லாம் கேட்டேன். மீன் கடைக்காரி, இரண்டு போலீஸ்காரர்கள், ஒரு பாதிரியார், பல் டாக்டரின் உதவியாளர், ஆஸ்பத்திரியிலேயே ரத்தம் எடுக்கிற பெண். ஒரு வாரத்தில் ஐம்பத்தெட்டுப் பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவர் கூட ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. தகட்டில் அப்படியா எழுதியிருக்கிறது என்றுதான் கேட்டார்கள். லியோனிலா டீச்சர் செத்து ஏழு வருடம் ஆகியிருந்தது. அவருடைய மகள் வகுப்புப் பதிவேடு ஒன்றைத் தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை. பிள்ளைகளை இடம் மாற்றும்போது நகராட்சியின் கல்வி அலுவலகமே எடுத்துக்கொண்டு போய்விட்டதாம்.

நீதிபதி ஒரு இளம் பெண். தீர்ப்பு எட்டாம் நாளே வந்தது. பள்ளி நடந்ததற்கு அரசின் சொந்தக் கோப்பிலேயே படம் இருக்கும்போது, ஆவணத்தைத் தொலைத்த அலுவலகம் அந்தத் தவறை மாணவியின் தலையில் கட்டக் கூடாது. பத்து நாளில் சான்றிதழ் தர வேண்டும் என்று எழுதியிருந்தார். தகட்டைப் பற்றியும் ஓஃபிர் கேட்டிருந்தாள். அதற்கு மூன்றே வரி. தனியார் கட்டடத்தின் தகட்டில் என்ன எழுதுவது என்பது அடிப்படை உரிமைக்குள் வராது.

சான்றிதழ் பத்தாம் நாள் சாயங்காலம் நான்கு மணிக்குக் கைக்கு வந்தது. ஆஸ்பத்திரி நிரந்தர வேலைக்கான பட்டியலை அதற்குப் பதினொரு நாள் முன்னாலேயே மூடிவிட்டது. ஓஃபிர் சான்றிதழை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிப் பணியாளர் பிரிவுக்குப் போனாள். அங்கே இருந்தவர் வருத்தப்பட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார். அடுத்த அறிவிப்பு எப்போது என்று அவருக்கும் தெரியவில்லை. நாற்பது இடத்தில் ஒன்றுக்கு, ஓஃபிரிடம் வேலை கற்றுக்கொண்ட பெண் ஒருத்தி வந்திருந்தாள். ஓஃபிர் அவளுக்குக் கேக் வாங்கிக் கொடுத்தாள். பிறகு துணி மாற்றும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றைக்கு அவளைக் கூப்பிட வந்த நான் வெளியே நாற்பது நிமிடம் காத்திருந்தேன்.

இந்த விஷயம் பத்திரிகையில் கால் பத்தி வந்தது. அதைப் பார்த்துவிட்டு ஃபெலிப்பே ஒலோசகா கூப்பிட்டு அனுப்பினார். முகத்தில் நல்ல செய்தி சொல்லப் போகிறவனின் களை.

"அம்மா, நாங்க யோசிச்சோம். உங்க கதை ரொம்ப அழகான கதை. மேற்குச் சுவர் ஓரமா ஒரு மூலை ஒதுக்குறோம். 'சின்னப் பள்ளி'ன்னு பேர். ஒரு கரும்பலகை, நாலு பழைய பெஞ்ச். வர்றவங்க சுண்ணக்கட்டில எழுதி போட்டோ எடுத்துக்கலாம். அப்புறம் ஒரு புது பீர் விடப்போறோம். அதுக்குப் பேரு 'டீச்சரம்மா'. லியோனிலா டீச்சர் போட்டோ இருந்தா லேபிள்ல போடலாம்."

ஓஃபிர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தகடு?"

"தகட்டத் தொட முடியாதும்மா. வக்கீல்..."

"தம்பி, எங்க டீச்சர் அந்த ரூம்ல இருபத்து மூணு வருஷம் நின்னாங்க. குளிர்ல கால் வீங்கிடும், செருப்ப அவுத்துட்டு நிப்பாங்க. அவங்க நின்னத நீங்க இல்லைன்னு எழுதுவீங்க. அவங்க மூஞ்ச மட்டும் பாட்டில்ல ஒட்டி விப்பீங்க. அப்படித்தானே?"

"நான் மரியாதை பண்ணத்தான் நினைச்சேன்."

"மரியாதை வேண்டாம். ஒரு வரிய மாத்துங்க. 1981லேருந்து 2004 வரை பள்ளிக்கூடம். நாலு வார்த்தை. பித்தளைல வெட்டுற செலவ நாங்களே போட்டுக்கிறோம்."

அவர் வக்கீலிடம் கேட்பதாகச் சொன்னார். வக்கீல் வேண்டாம் என்றாராம். லேபிளில் டீச்சர் படத்தைப் போட்டால் எங்கள் குடும்பத்தின் பெயரில் வழக்குப் போடுவோம் என்று டீச்சரின் மகள் எழுதிக் கொடுத்த பிறகு, அந்த பீர் மட்டும் வரவில்லை. தகடு இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத் துடைத்துப் பளபளவென்று வைக்கிறார்கள்.

ஓஃபிர் இந்த வருடம் பிப்ரவரியில் சனிக்கிழமை வகுப்பில் ஆறாம் வகுப்பு சேர்ந்தாள். நாற்பத்தெட்டு வயதில். கணக்கில் மட்டும் கொஞ்சம் தடுமாறுகிறாள், மற்றதில் முன்வரிசை. ஆஸ்பத்திரி ஒப்பந்தம் இன்னும் மூன்று மாதம் மூன்று மாதமாகத்தான் ஓடுகிறது.

கையெழுத்துப் போட்ட ஐம்பத்தெட்டுப் பேரும் ஒருவர் பின் ஒருவராகத் தங்கள் சான்றிதழைக் கேட்டுக் கல்வி அலுவலகத்துக்குப் போக ஆரம்பித்தார்கள். யாருக்கும் அவசரமாகத் தேவைப்படவில்லை. பாதிரியாருக்கு எதற்கு ஐந்தாம் வகுப்புச் சான்றிதழ்? ஆனால் போனார்கள். நீதிபதியின் தீர்ப்பு ஒன்று கையில் இருந்ததால் இல்லையென்று சொல்ல முடியவில்லை. இருபதாவது ஆள் போனபோது, இந்தப் பள்ளிக்கென்று தனிப் பதிவேடு திறக்கும்படி டாக்டர் வில்மாருக்கு மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது.

நான் போன செவ்வாய்க்கிழமை போனேன். அதே கவுண்டர், அதே பெண். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

"எத்தனாவது வரைக்கும்யா?"

"மூணு."

"மூணாவதுக்குச் சான்றிதழ் எதுக்கும் செல்லாதுங்களே. எதுக்காக வேணும்னு இந்தக் கட்டத்துல எழுதணும். வேலைக்கா, கடனுக்கா?"

"எதுக்கும் இல்லம்மா. நான் அங்க படிச்சேன். அத எழுதிக் குடுங்க."

அவள் கொஞ்சம் யோசித்து அந்தக் கட்டத்தில் கோடு போட்டாள்.

"பள்ளியோட முகவரி?"

"ரயில் நிலையத்துக்குப் பின்னால, ஒலோசகா பீர் ஆலை. மேல்மாடி, பார்லி காயப்போட்ட அறை."

"பார்லி அறைன்னு எழுதவா?"

"எழுதுங்க" என்றேன். அவள் எழுதி முடிக்கும் வரை நகராமல் நின்றேன்.